பாய்க்கு அடியில் 38 பக்கங்கள்

நான்கு மாலைகளின் உழைப்பு கண்ணெதிரே இல்லாமல் போவதையும், கணினியை மீண்டும் தொடங்கியதும் அது இருந்த இடத்திலேயே வந்து நிற்பதையும் 2019ஆம் ஆண்டின் ஓர் இரவில் நாங்கள் மாறிமாறிக் கண்டோம். பேய்க்கதை எழுதும் எண்ணம் எங்களுக்கு இல்லை. நடந்தது முழுக்க முழுக்க விளக்கக்கூடிய ஒன்று. ஆனால் அந்த விளக்கத்தை வந்தடைவதற்கு முன், அந்தப் பக்கங்களை எங்கள் கையாலேயே நிரந்தரமாக அழித்துவிட இருந்தோம். லைனக்ஸ் கர்னலைப் புதுப்பித்தவுடன் மெய்நிகர் கணினியில் ஏற்படும் பழுதைப் பற்றி இணையத்தில் எத்தனையோ குறிப்புகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை எந்தக் கட்டளையை இடவேண்டும் என்று சொல்லி முடிந்துவிடுகின்றன. எங்களுக்கு அந்தக் கட்டளையைவிட, அதை இடுவதற்கு முன் கழிந்த ஒரு மணி நேரமே பாடமாக அமைந்தது.

சூழலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1960களில் வெளிவந்து நின்றுபோன சிற்றிதழ் ஒன்றின் இதழ்களைத் தட்டெழுத்துப் பிரதியாக மாற்றிக்கொண்டிருந்தோம். நாங்கள் இருவர், பக்க வடிவமைப்புக்கு ஒரு நண்பர், எல்லாருக்கும் மேலாக ஐயா. ஐயா நாற்பதாண்டுகள் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோத்தவர். இதழ்த்தாள்களை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. ஒரு சொல்லின் பாதி துளையாகப் போயிருந்தால், உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து மிச்சமிருக்கும் எழுத்தின் வாலைப் பார்த்து, இது இன்ன எழுத்து என்று அவர் சொல்வார். துளை ஒரு சொல்லையே விழுங்கியிருந்தால் வரியின் நீளத்தையும் சொற்களுக்கு இடையிலான வெளியையும் கணக்கிட்டு, எத்தனை எழுத்து விடுபட்டிருக்கிறது என்று சொல்வார். அவர் வாசிக்க நாங்கள் திருத்துவோம். அந்தத் திருத்தங்களுக்கு வேறு மூலம் எதுவும் இல்லை. அவர் சொன்னதும் நாங்கள் தட்டியதும் மட்டுமே.

வேலை நடந்தது ஐயா வீட்டு முன்னறையில் இருந்த ஒரே கணினியில். அதன் இயங்குதளம் விண்டோஸ். பக்க வடிவமைப்பு அதில் நடக்கும். எழுத்துணரி மென்பொருளும் எங்கள் சிறு நிரல்களும் லைனக்ஸில் அமைந்தவை. ஆகவே விண்டோஸுக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, அதற்குள் ஒரு லைனக்ஸ் கணினியை வைத்திருந்தோம். மாலையில் நாங்கள் லைனக்ஸில் திருத்துவோம். காலையில் நண்பர் வந்து, திருத்திய பக்கங்களை விண்டோஸ் பக்கமிருந்து எடுத்துக்கொள்வார். இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு பகிர்வுக் கோப்புறை. அதற்கு நாங்கள் 'பாலம்' என்று பெயர் வைத்திருந்தோம்.

இந்தப் பாலம் எப்படி அமைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அது எப்படி அறுந்தது என்பது விளங்கும். கணினிக்குள் இருக்கும் கணினியை 'கெஸ்ட்', அதாவது விருந்தினர் என்கிறார்கள். இடம்கொடுத்த கணினி 'ஹோஸ்ட்', விருந்தோம்பி. வேடிக்கை என்னவென்றால், விருந்தினருக்குத் தான் விருந்தினர் என்பதே தெரியாது. தனக்கென ஒரு வட்டு, ஒரு திரை, ஒரு வலையமைப்பு அட்டை இருப்பதாகவே அது நம்புகிறது. இவை யாவும் மென்பொருள் காட்டும் தோற்றங்கள். இந்த நம்பிக்கையோடே அது நன்றாக ஓடும். ஆனால் அடுத்த அறையில் ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார் என்பதை அறியாதவரிடம் அவருடைய அலமாரியைத் திறந்துகொள்ளச் சொல்ல முடியாது அல்லவா? அதற்காகவே 'கெஸ்ட் அடிஷன்ஸ்' என்ற துணை மென்பொருளை விருந்தினருக்குள் தனியாக நிறுவவேண்டும். நீ இருப்பது இன்னொருவர் வீட்டில் என்ற உண்மையை அது விருந்தினருக்குச் சொல்கிறது. வீட்டுக்காரரோடு பேச ஒரு கதவையும் திறந்துவிடுகிறது. சாளரத்தின் அளவுக்கேற்பத் திரை விரிவது, ஒரு பக்கம் வெட்டியதை மறுபக்கம் ஒட்டுவது, கோப்புறையைப் பகிர்வது ஆகிய மூன்றும் அந்தக் கதவு வழியாக நடப்பவையே.

இந்தத் துணை மென்பொருளின் முக்கியமான பகுதிகள் சாதாரண நிரல்கள் அல்ல. அவை கர்னலுக்குள்ளேயே சென்று அமரும் மாட்யூல்கள். கர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. நினைவகம், வட்டு, திரை யாவற்றையும் ஆள்வது. அதற்குள் அமரும் ஒரு மாட்யூல், எந்தக் கர்னலுக்காகத் தொகுக்கப்பட்டதோ அந்தக் கர்னலோடு மட்டுமே பொருந்தும். ஒவ்வொரு மாட்யூலின் மீதும் அது எந்தப் பதிப்புக்கு உரியது என்ற முத்திரை உண்டு. முத்திரை மாறினால் கர்னல் அதை ஏற்காது. மாட்யூல்கள் வைக்கப்படும் கோப்புறைகூடப் பதிப்புக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்கும். புதிய கர்னல் வரும்போது அதற்குரிய புதிய கோப்புறையும் வரும். அதில் எங்கள் பாலத்துக்கான மாட்யூல் தானாக வந்து சேராது. யாராவது அதைப் புதிதாகத் தொகுத்து வைக்கவேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு நாங்கள் விருந்தினரைப் புதுப்பித்தோம். அதுவரை ஓடியது 4.15 கர்னல், 2018 ஜனவரியில் வெளியானது. புதிதாக வந்தது 5.0, 2019 மார்ச்சில் வெளியானது. 5.0 என்ற எண்ணைக் கண்டு ஏதோ யுகம் மாறிவிட்டதாக நினைக்கவேண்டியதில்லை. 4.20க்குப் பிறகு 4.21 என்று வந்திருக்கவேண்டியதுதான். எண்ணிக்கை நீண்டுகொண்டே போகிறதே என்று லினஸ் டோர்வால்ட்ஸ் அதை 5.0 ஆக்கினார். புதுப்பிப்பதற்கு முன் முறையாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தும் வைத்தோம். அதாவது விருந்தினரின் அப்போதைய நிலையை அப்படியே உறையவைத்துக்கொண்டோம். ஏதாவது தவறினால் அந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். இவ்வளவு முன்னெச்சரிக்கை எடுத்தவர்கள் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

சனிக்கிழமை மாலை கணினியைத் திறந்தபோது திரை சிறுத்திருந்தது. பெரிய சாளரத்தின் நடுவே அஞ்சலட்டை அளவில் 800க்கு 600. விண்டோஸில் வெட்டிய சொல் லைனக்ஸில் ஒட்டவில்லை. இதெல்லாம் தொந்தரவுதானே தவிர வேலையைத் தடுக்கவில்லை. ஐயா கண்ணாடியோடு தயாராக அமர்ந்திருந்தார். அவரைக் காக்கவைத்துவிட்டுத் திரையின் அளவைச் சரிசெய்துகொண்டிருக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றோம். ஞாயிறன்றும் அதையே சொன்னோம். அப்படியே செவ்வாய் வரை நான்கு மாலைகள் கழிந்தன. புதிய இதழ் ஒன்றைத் தொடங்கி 38 பக்கங்கள் முடித்திருந்தோம். துளைகள் மிகுந்த இதழ் அது. ஐயா சில சொற்களுக்காகக் கால்மணி நேரம்கூடக் கண்ணை மூடி யோசித்தார்.

புதன்கிழமை காலை நண்பர் வந்து கேட்டார்: "நாலு நாளா ஒரு பக்கம்கூட வரலையே, ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?"

நாங்கள் லைனக்ஸ் பக்கம் திறந்து பார்த்தோம். பாலம் கோப்புறை இருந்தது. அதற்குள் புதிய இதழின் கோப்புறையும் அதில் 38 பக்கங்களும் இருந்தன. விண்டோஸ் பக்கம் அதே பாலத்தைத் திறந்தால் பழைய இதழ்கள் மட்டுமே. ஒரே கோப்புறை இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கும்போது இரண்டாகத் தெரிந்தது. அன்று மாலை இருவரும் உட்கார்ந்தோம். கர்னலை மாற்றியபிறகுதான் இது என்பது தெளிவு. லைனக்ஸில் புதிய கர்னல் வந்தாலும் பழையதும் உடனே நீக்கப்படுவதில்லை. தொடக்கப் பட்டியலில் அதைத் தேர்ந்துகொள்ளலாம். 4.15ஐத் தேர்ந்து தொடங்கினோம். திரை முழுச் சாளரத்துக்கும் விரிந்தது. வெட்டியது ஒட்டியது. பாலத்தைத் திறந்தோம். பழைய இதழ்கள் எல்லாம் இருந்தன. 38 பக்கங்கள் மட்டும் இல்லை.

அந்த நேரத்து நிலையை விவரிக்க விரும்பவில்லை. எங்களில் ஒருவர், "ஸ்னாப்ஷாட் இருக்கிறதே, வெள்ளிக்கிழமைக்கே போய்விடுவோம், எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவோம்" என்றார். எது பழுது என்று தெரியாதபோது பழுதில்லாத நாளுக்குத் திரும்பத் தோன்றுவது இயல்பு. மீட்டெடுக்கும் பொத்தானை அழுத்தினோம். இப்போதைய நிலையையும் ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுத்துவைக்கவா என்று மென்பொருள் கேட்டது. வட்டில் இடம் குறைவாக இருந்ததால் வேண்டாம் என்று குறியை நீக்கினோம். உறுதிசெய்யவேண்டியதுதான் பாக்கி.

அறையின் மறுகோடியில் இருந்த ஐயாவுக்கு நாங்கள் பேசியது முழுதும் புரிந்திருக்காது. அவருக்குப் புரிந்தது, ஏதோ ஒன்றை அழித்துவிட்டு மறுபடி தொடங்கப்போகிறோம் என்பது மட்டும். "தம்பி, கோத்து முடிச்ச பக்கத்தைப் பிரிச்சுப் போடறதுக்கு முன்னால ஒரு புரூஃப் இழுத்து வச்சுக்குவோம். தப்பும் தவறுமா இருந்தாலும் சரி. பிரிச்சுட்டா அப்புறம் எழுத்துதான் இருக்கும், பக்கம் இருக்காது" என்றார்.

இரத்து என்பதை அழுத்திவிட்டு மீண்டும் 5.0இல் தொடங்கினோம், என்ன இருக்கிறதோ அதை முதலில் பார்ப்போம் என்று. பாலத்துக்குள் 38 பக்கங்களும் இருந்தன. 4.15க்குப் போனால் இல்லை. 5.0க்கு வந்தால் இருக்கின்றன. மூன்றாம் முறை சென்று வந்தபிறகுதான் எங்களுக்கு மெல்ல விளங்கியது.

லைனக்ஸில் ஒரு வெளிக் கோப்புறையையோ வட்டையோ இணைக்கவேண்டுமானால், முதலில் இங்கே ஒரு கோப்புறை இருக்கவேண்டும். வெளியிலிருந்து வருவது அதன்மேல் வந்து அமரும். 'மவுண்ட்' செய்வது என்பது இதுதான். அமர்ந்தபிறகு நாம் காண்பது மேலே அமர்ந்ததை. கீழே இருப்பது மறைந்துவிடும், ஆனால் அழியாது. புதிய கர்னலில் பாலத்துக்கான மாட்யூல் இல்லாததால் வெளிக் கோப்புறை வந்து அமரவே இல்லை. இருந்தது வெறும் அடித்தளம். எங்கள் நிரலோ, புதிய இதழுக்கான கோப்புறை இல்லையென்றால் தானே உருவாக்கிக்கொள்ளும்படி எழுதப்பட்டது. அது அந்த அடித்தளத்திலேயே உருவாக்கிக்கொண்டு, நான்கு மாலைகளும் அங்கேயே எழுதியது. பழைய கர்னலில் மாட்யூல் இருந்ததால் வெளிக் கோப்புறை வந்து அமர்ந்தது. எங்கள் பக்கங்களை மூடிவிட்டது. ஐயாவிடம் சொன்னபோது, "கோலத்து மேல பாயை விரிச்ச மாதிரி" என்றார். பிறகு நாங்கள் யாருக்கு விளக்கினாலும் இந்த உவமையையே சொல்கிறோம்.

ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பியிருந்தால்? பக்கங்கள் இருந்தது விருந்தினரின் சொந்த வட்டில். விருந்தினரின் வட்டை வெள்ளிக்கிழமைக்குத் திருப்புவது என்றால் சனி முதல் செவ்வாய் வரை அதில் எழுதிய அனைத்தும் போய்விடும். பாதுகாப்பாக விண்டோஸ் பக்கம் சேர்ந்துகொண்டிருக்கின்றன என்று நாங்கள் நம்பிய பக்கங்கள், அழியக்கூடிய ஒரே இடத்தில் இருந்தன. காப்பாற்றுவதற்காக எடுத்துவைத்த படியே அவற்றை அழித்திருக்கும்.

அன்றிரவு வேறொன்றும் செய்யவில்லை. 5.0இல் இருந்தபடி அந்த 38 பக்கங்களையும் பாலத்துக்கு வெளியே வேறொரு கோப்புறைக்கு நகர்த்தினோம். ஒரு படியை எங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொண்டோம். அனுப்பும்போது ஒன்று கவனத்தில் பட்டது. திரை சுருங்கிக் கிடக்கிறது, பாலம் அறுந்து கிடக்கிறது. ஆனால் வலையமைப்பு மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. ஏன்?

விடை மறுநாள் கிடைத்தது. பழுதைத் திருத்தும் பணியை வரிசையாகச் செய்தோம். முதலில், ஓடும் கர்னலின் பதிப்பு எது என்று பார்த்தோம். அடுத்து, பகிர்வுக்கான மாட்யூல் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. ஏற்ற முயன்றபோது அப்படி ஒன்று இந்தக் கர்னலுக்கு இல்லவே இல்லை என்ற விடை வந்தது. ஆகவே அதைப் புதிதாகத் தொகுக்க முனைந்தோம். அதற்குக் கர்னலின் ஹெட்டர் கோப்புகள் வேண்டும். கர்னலின் எந்தச் செயலை எப்படி அழைப்பது என்ற இலக்கணம் அவற்றில்தான் இருக்கிறது. 4.15க்கான ஹெட்டர்கள் இருந்தன, 5.0க்கானவை இல்லை. இத்தகைய பழுதுகளில் மிகப் பரவலான காரணம் இதுவே. பலருக்கு இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். நாங்களும் ஹெட்டர்களை நிறுவிவிட்டு, தீர்ந்தது என்று நினைத்து மறுபடி தொகுத்தோம். தொகுப்பு பாதியில் நின்றது.

என்ன பிழை என்று திரையில் தெளிவாக வரவில்லை. பதிவுக் கோப்பைப் பார்க்கும்படி ஒரு வரி மட்டும் வந்தது. பதிவுக் கோப்பைத் திறந்தால் நூற்றுக்கணக்கான வரிகள். கடைசி வரிகள் வெறும் எதிரொலி. முதற்பிழையைத் தேடி மேலே போகவேண்டும். கண்டுபிடித்த முதற்பிழையின் பொருள் இது: 'ஆக்ஸஸ்_ஓகே' என்ற செயலுக்கு மூன்று செய்திகள் தரப்பட்டிருக்கின்றன, ஆனால் அது ஏற்பது இரண்டு மட்டுமே.

எங்களுக்கு இதில் ஆர்வம் பிறந்தது. 4.15இல் மூன்றை ஏற்றது 5.0இல் ஏன் இரண்டை மட்டும் ஏற்கிறது? அந்தச் செயலின் பணி, ஒரு நிரல் தரும் நினைவக முகவரி உண்மையிலேயே அந்த நிரலின் எல்லைக்குள் இருக்கிறதா என்று கர்னல் சரிபார்ப்பது. அதற்கு முகவரி தெரியவேண்டும், நீளம் தெரியவேண்டும். மூன்றாவதாக, படிக்கப்போகிறோமா எழுதப்போகிறோமா என்பதையும் சொல்லவேண்டியிருந்தது. இது இன்டலின் 80386 சில்லின் காலத்துத் தேவை. 1985இல் வெளியான அந்தச் சில்லு, கர்னல் நிலையில் ஓடும்போது எழுதக்கூடாது என்று குறிக்கப்பட்ட நினைவகப் பகுதியிலும் எழுத விட்டுவிடும். ஆகவே எழுதுவதற்கு முன் கர்னலே கையால் சரிபார்க்கவேண்டும். டோர்வால்ட்ஸ் 1991இல் லைனக்ஸை எழுதத் தொடங்கியது இந்தச் சில்லு கொண்ட கணினியில்தான். அடுத்து வந்த 486 இந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. 2012இன் இறுதியில் லைனக்ஸ் 386க்கான ஆதரவையே கைவிட்டது. அதற்குப் பிறகும் அந்த மூன்றாவது செய்தி மட்டும் யாரும் பார்க்காமலே கைமாறிக்கொண்டிருந்தது. 2019 ஜனவரியில் டோர்வால்ட்ஸ் அதை நீக்கினார். எங்கள் துணை மென்பொருள் அதற்கு முந்தைய காலத்தது. செத்துப்போன ஒரு சில்லுக்காக இன்னும் மூன்று செய்திகளைச் சொல்லிக்கொண்டிருந்தது.

இதை ஐயாவிடம் சொன்னோம். அவர் வியக்கவில்லை. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக வெளியிட்டபோது அவர் எழுத்துப் பெட்டியின் முன் நின்றவர். ணா, றா, னா, ணை, லை முதலான 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் அந்த ஆணையால் வழக்கொழிந்தன. "எழுத்தை எடுத்து உருக்கப் போட்டுட்டாங்க. அந்த அறை மட்டும் பெட்டியில காலியாவே இருந்துச்சு. கை பழக்கத்துல அங்க போகும், வெறும் மரத்துல முட்டும், அப்புறம் திரும்பும்" என்றார். நாங்கள் மாற்றிக்கொண்டிருந்த இதழும் 1978க்கு முந்தையது. எழுத்துணரி மிகுதியாகத் தடுமாறியது அந்த 13 எழுத்துகளில்தான் என்பதை அப்போது நினைத்துக்கொண்டோம்.

வலையமைப்பு ஏன் அறுபடவில்லை என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை. விருந்தினருக்கு விர்ச்சுவல்பாக்ஸ் காட்டிய வலையமைப்பு அட்டை, இன்டலின் பழைய அட்டை ஒன்றின் போலி. அந்த அட்டைக்கான இயக்கி லைனக்ஸ் கர்னலின் மூலத்திலேயே நெடுங்காலமாக இருக்கிறது. கர்னலின் உட்புற இலக்கணத்தை மாற்றுபவர், அதனால் பாதிக்கப்படும் எல்லா இடங்களையும் தாமே திருத்திவிட்டுத்தான் மாற்றத்தை ஏற்றவேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. ஆனால் அந்தப் பொறுப்பு மூலத்துக்குள் இருப்பவற்றுக்கு மட்டுமே. வெளியே தனியாக வைத்துக்கொண்டு உள்ளே நுழைபவை தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளவேண்டும்.

இதில் முரண்போலத் தோன்றும் ஒன்று உண்டு. சாதாரண நிரல்களுக்கு லைனக்ஸ் தரும் வாக்கு மிகவும் உறுதியானது. நேற்று ஓடிய நிரல் இன்றைய கர்னலிலும் ஓடவேண்டும். அதை உடைக்கும் மாற்றத்தை டோர்வால்ட்ஸ் பொறுப்பதில்லை. எங்கள் எழுத்துணரி ஒரு குறையுமின்றி ஓடியது அதனால்தான். ஆனால் கர்னலின் உட்புறத்துக்கு அப்படிப்பட்ட வாக்கு கிடையாது. அது வேண்டுமென்றே தரப்படவில்லை. கர்னலின் பராமரிப்பாளர்களுள் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் இதற்கான காரணங்களை எழுதிய ஆவணம் கர்னலின் மூலத்தோடே வெளியாகிறது. உட்புறத்தை உறையவைத்தால் பழைய பிழைகளையும் சேர்த்து என்றென்றும் சுமக்கவேண்டிவரும் என்பது அவர் வாதத்தின் சாரம். திண்ணையில் அமர்ந்திருப்பவருக்கு வீட்டார் தந்த வாக்கு மாறாது. அடுக்களை வரை வந்துவிட்டவர், அங்கே பாத்திரங்கள் இடம் மாறினால் தாமும் பழகிக்கொள்ளவேண்டியதுதான். இல்லையென்றால் வீட்டில் ஒருவராகவே ஆகிவிடவேண்டும்.

பின்னாளில் நடந்ததும் அதுவே. விருந்தினரும் விருந்தோம்பியும் பேசிக்கொள்ளும் அடிப்படை மாட்யூல் 2018இல் வெளியான 4.16இலேயே கர்னலுக்குள் வந்திருந்தது. கோப்புறைப் பகிர்வுக்கானது மட்டும் வரவில்லை. ரெட்ஹாட்டில் பணியாற்றிய ஹான்ஸ் டி கோட அதைக் கர்னலுக்கு ஏற்றவாறு திருத்தி எழுதினார். 2020 மார்ச்சில் வெளியான 5.6இல் அதுவும் சேர்ந்தது. நாங்கள் பட்ட பாடு இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே விழுந்தது. கேவிஎம் வழியில் மெய்நிகர் கணினிகளை ஓட்டுபவர்களுக்கு இந்த வகைத் தொல்லை குறைவு. விருந்தினருக்கான விர்டியோ இயக்கிகள் 2008இல் வெளியான 2.6.24 முதலே கர்னலுக்குள் இருக்கின்றன.

எங்கள் பழுதின் தீர்வு இறுதியில் எளிதாகவே இருந்தது. விண்டோஸ் பக்கம் விர்ச்சுவல்பாக்ஸைப் புதுப்பித்தோம். அதோடு வந்த துணை மென்பொருளின் வட்டை விருந்தினரில் செருகி நிறுவினோம். புதிய பதிப்பு இரண்டு செய்திகளை மட்டும் சொல்லக் கற்றிருந்தது. மீண்டும் தொடங்கியதும் திரை விரிந்தது, பாலம் வந்தது. தனியே வைத்திருந்த 38 பக்கங்களையும் அதில் இட்டோம். குற்றம் யாருடையது என்று கேட்டால், எங்களுடையது. கர்னலைப் புதுப்பித்தவர்கள் துணை மென்பொருளைப் பழையதாகவே விட்டுவைத்தோம். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றும் உண்டு. கோப்புறைகளை இணைக்கும் பட்டியலில், பாலம் இணையாவிட்டாலும் பேசாமல் தொடக்கத்தைத் தொடரவும் என்ற குறிப்பை நாங்களே எழுதிவைத்திருந்தோம். முன்பு ஒருமுறை பாலம் இணையாமல் கணினி தொடங்க மறுத்தபோது, அந்தத் தொல்லை இனி வேண்டாம் என்று சேர்த்தது அது. கணினி எங்களுக்குச் சொல்லவந்ததைச் சொல்லாதே என்று வாயடைத்தது நாங்கள்தான்.

இதே நிலையில் சிக்குபவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்கள். பழுதைத் தொடுவதற்கு முன் விருந்தினரின் இப்போதைய நிலையைப் படியெடுங்கள், பழுதோடு சேர்த்தே. பழைய கர்னலில் தொடங்கிப் பாருங்கள். அதில் எல்லாம் சரியாக இருந்தால் காரணம் மாட்யூல்தான். புதிய கர்னலுக்கான ஹெட்டர்களும் தொகுப்பியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தொகுப்பு நின்றால் பதிவுக் கோப்பின் முதற்பிழையைப் படியுங்கள். துணை மென்பொருளின் பதிப்பு கர்னலைவிடப் பழையதானால் கர்னலோடு போராடாமல் அதைப் புதுப்பியுங்கள். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு, கர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூல்களைத் தானே தொகுத்துவைக்கும். ஆனால் ஹெட்டர்கள் இல்லையென்றால் அதனாலும் ஆவது ஒன்றுமில்லை. விர்ச்சுவல்பாக்ஸின் 7.0 பதிப்பிலிருந்து, அதாவது 2022 முதல், விருந்தினருக்குள்ளும் செக்யூர் பூட்டை இயக்கமுடிகிறது. அப்படி இயக்கியிருந்தால் சரியாகத் தொகுத்த மாட்யூலும் கையொப்பமில்லாமல் ஏறாது. கடைசியாக, பகிர்வுக் கோப்புறை இணையாமல் இருக்கும்போது அதன் அடித்தளத்தைத் திறந்து, அங்கே ஏதாவது கிடக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை என்பதைத் தமிழ் படித்த நண்பர்கள் அறிவர். தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புகளுள் ஒன்றாக விருந்தைச் சொல்வதும் அந்தப் பொருளிலேயே. எங்கள் விருந்தினர் அந்தக் கணினியில் ஓராண்டுக்கு மேல் குடியிருந்தார். அவர் வீட்டு ஆள் ஆகிவிட்டார் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். வீட்டில் ஒரு சொல் மாறியபோதுதான் அவர் இன்னும் விருந்தினர் என்பதும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவரைப் புதிதாக அழைத்து அமர்த்தவேண்டும் என்பதும் தெரிந்தது.

அதன்பின் இரண்டு மாற்றங்கள் செய்தோம். பாலம் இணையாத நிலையில் அதன் அடித்தளத்தில் யாரும் எதையும் எழுதமுடியாதபடி பூட்டினோம். எங்கள் நிரல், எழுதுவதற்கு முன் பாலம் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் உரக்கக் கத்தி நிற்கும்படி திருத்தினோம். அந்த 38 பக்கங்களில் ஐயா மீட்டெடுத்த சொற்களை, பின்னர் அதே இதழின் இன்னொரு படி கிடைத்தபோது ஒப்பிட்டுப் பார்த்தோம். அந்தப் படியில் அதே பக்கங்கள் பூச்சி தொடாமல் இருந்தன. இரண்டு சொற்களைத் தவிர மற்றவை யாவும் அவர் சொன்னபடியே இருந்தன.

நிரல் கத்தும் என்று சொன்னாலும் ஐயாவுக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு மாலையும் உருப்பெருக்கியைத் துடைத்துக்கொண்டே முதலில் கேட்பார்: "பாலம் இருக்கா தம்பி?" நாங்கள் திறந்து பார்த்து, இருக்கிறது என்று சொன்னபிறகுதான் வாசிக்கத் தொடங்குவார்.